கசந்தால் துப்புங்க! கொல்லையில் தானாக முளைத்த சுரைக்காயில் விஷம்

பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் (பட்டுச்சேலை ஆரணி அல்ல, இது ஆற்றங்கரை ஆரணி) நாலு நாள் மழை பெய்தால் போதும். கொல்லைக் குப்பைக்குழியில் யாரும் விதைக்காத கொடி ஒன்று கிளம்பும். சுரையா, பரங்கியா, தும்மட்டியா? காய்த்தால்தான் தெரியும்.

"சும்மா கிடைச்ச காய்தானே" என்று அறுத்துக் குழம்பில் போடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் வினை.

முதியவர் சாவு

ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்ற ஊரில் 2015 ஆகஸ்டில் 79 வயது முதியவர் ஒருவர் இறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தன் தோட்டத்துச் சீமைச் சுரைக்காயை ஆசையாகக் கொடுத்தார். தம்பதி சமைத்தார்கள். ஒரே கசப்பு! மனைவி கொஞ்சம் தின்று நிறுத்தினார், பிழைத்தார். கணவர் பிழைக்கவில்லை.

தூரதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2010-ல் டெல்லியில் சுரைக்காய்ச் சாறு குடித்த விஞ்ஞானி ஒருவர் பலியானார். பாகற்காய்ச் சாறும் கலந்திருந்ததால் எந்தக் கசப்பு எது என்று தெரியவில்லை. பாகற்காயின் கசப்பு வேறு, அது உணவு. சுரையில் வரும் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு. கொதிக்க வைத்தாலும் போகாது.

எப்படி வருகிறது?

வேலியோரம் பேய்ச்சுரை பூத்திருந்தால் வண்டு அதன் மகரந்தத்தை நல்ல சுரைப்பூவில் கொண்டுவந்து வைக்கும். அந்தக் காய் கசக்காது. அதன் விதையைப் போட்டால், அடுத்த கொடியில் கசப்பு தலைகாட்டும்! விதை எடுக்க நினைப்பவர்கள் ஆண் பூ, பெண் பூ இரண்டையும் மலரும் முன்பே நூலால் கட்டி, மலரும் நேரத்தில் கையால் மகரந்தம் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். பரங்கி விடியற்காலையில் பூக்கும், சுரை சாயங்காலம்.

புதுக்காய் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. பரங்கியே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த காய்தானே!

நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்க. கசந்தால் துப்பிவிட்டு, காயைக் குப்பையில் போடுங்க. சாறு குடிப்பவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு சொன்ன யோசனையும் இதுதான்: முதலில் ருசி பார், மற்ற சாற்றோடு கலக்காதே.

தின்றபின் வாந்தி, வயிற்றுவலி, பேதி கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. ரத்த வாந்திவரை போகும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கசந்த கொடியை வேரோடு பிடுங்கிவிடலாம். காயை மாட்டுக்கும் வைக்காதீங்க.