ஆழமறியும் காமிராவும் கரகாட்டமும்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். எந்தப் பாரில் எத்தனை சிப்பி எடுத்தார்கள், அரசாங்கத்துக்கு என்ன வருமானம் வந்தது என்பன போன்ற கணக்குகளெல்லாம் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கயிற்றில் பிணைத்த கல்லின்மேல் காலை ஊன்றி, ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கிய மனிதன் தன் இடுப்பை எப்படி வளைத்தான், கைகளை எந்த லயத்தில் வீசினான் என்று அறிய விரும்பினால், சில வர்ணனைகளையும் படங்களையும் தவிர நமக்கு வேறு ஆதாரம் இல்லை. சரீரத்தில் ஊறிய வித்தைகளின் கதி பெரும்பாலும் இதுவே. அதே ஜில்லாவில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரலிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் அம்மன் கோயில் கொடைக்கு நையாண்டி மேளமும் கரகாட்டமும் வருவதும், குலசேகரபட்டினத்துத் தசராவுக்கு விரதமிருந்து வேடம் கட்டியவர்கள் ஊர் ஊராக ஆடிச் செல்வதும் இன்னும் நின்றுவிடவில்லை. இந்த ஆட்டங்களின் அசைவை, எந்தத் திசையிலிருந்தும் திருப்பிப் பார்க்கவும் முழங்கால் எத்தனை பாகை மடங்கிற்று என்று அளந்து சொல்லவும் கூடியவாறு பதிவு செய்து வைப்பதற்கு ஒரு சாதனம் இப்போது சாமானியர் கைக்கு எட்டும் நிலைக்கு வந்திருக்கிறது. சாதாரண வீடியோப் படத்தால் இது ஆகாது. அது ஒரு திசையிலிருந்து கண்டதை மட்டும் தட்டையாகக் காட்டும்.

அசைவைப் பதிவு செய்யும் ஆசை புதிதல்ல. 1880களிலேயே பிரான்ஸ் தேசத்து எத்தியேன் ழூல் மாரே என்ற சரீர சாஸ்திரி, ஒரு மனிதனுக்குக் கறுப்பு உடை அணிவித்து, கைகால்களின் நீளத்துக்கு வெள்ளைக் கோடுகளை ஒட்டி, கறுப்புத் திரைக்கு முன்னால் நடக்கவிட்டு, ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்தார். உடம்பு மறைந்து கோடுகளின் நடை மட்டும் படத்தில் நின்றது. இன்றைய மோஷன் காப்சர் ஸ்டூடியோக்களில் ஒட்டினாற்போன்ற உடையின்மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு பந்துகளைப் பொருத்தி, சுற்றிலும் பல காமிராக்களை நிறுத்திச் செய்வதும் அடிப்படையில் அதே காரியந்தான். தமிழ் ரசிகர்களுக்கு இந்த முறை பரிச்சயமானது, சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014ஆம் ஆண்டு மே மாதம் வெளியான 'கோச்சடையான்' படத்தின் மூலமாக. அதற்காக ரஜினிகாந்தின் அசைவுகளை 2012இல் லண்டனிலும் பிறகு திருவனந்தபுரத்திலும் பதிவு செய்தார்கள். அத்தகைய கூடத்தின் செலவும் ஆள்பலமும் ஒரு கரகாட்டக் குழுவுக்கோ அந்தக் கலையை ஆராயும் கல்லூரி ஆசிரியருக்கோ கனவிலும் எட்டாதவை.

நிலைமையை மாற்றியது ஒரு விளையாட்டுச் சாமான். 2010 நவம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனி 'கினெக்ட்' என்ற கருவியை ஏறக்குறைய 150 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையில் எதையும் பிடிக்காமல், உடம்பில் எதையும் ஒட்டாமல், முன்னால் நின்று ஆடுகிறவரின் அசைவைக் கண்டுகொள்ளும் கருவி அது. முதல் கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஆயிரக்கணக்கான புள்ளிகளாகத் தூவி, அவை விழுந்த இடத்தில் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து தூரத்தைக் கணித்தது. 2013இல் வந்த இரண்டாவது கினெக்டின் உபாயம் வேறு. விசைப்படகில் இருக்கும் எக்கோ சவுண்டர் ஒலியைக் கீழே அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக்கொண்டு கடலின் ஆழத்தைச் சொல்வதுபோல, இது ஒளியை அனுப்பி அது மீளும் காலத்தை அளக்கிறது. 3 மீட்டர் தூரத்தில் நிற்பவர்மேல் பட்டுத் திரும்ப ஒளிக்கு வேண்டிய நேரம், ஒரு விநாடியை 100 கோடிக் கூறாக்கினால் அதில் வெறும் 20 கூறு. இப்படி 512க்கு 424 என்ற கணக்கில் 2,17,088 புள்ளிகளின் தூரத்தை விநாடிக்கு 30 தடவை அளந்து தருகிறது அந்தக் கருவி.

ஆனால் தூரம் தெரிந்துவிட்டால் மட்டும் உடம்பு தெரிந்துவிடாது. எந்தப் புள்ளி தோள், எந்தப் புள்ளி முழங்கால் என்று பிரித்தறிய வேண்டும். மைக்ரோசாப்டின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேமி ஷாட்டனும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட முறையில், யந்திரம் ஒவ்வொரு புள்ளியையும் எடுத்துக்கொண்டு, அதன் அண்டையிலுள்ள இடங்களின் தூரத்தோடு ஒப்பிட்டு, அது சரீரத்தின் 31 பகுதிகளில் எதைச் சேர்ந்தது என்று அநுமானிக்கிறது. பிறகு அந்தப் பகுதிகளிலிருந்து மூட்டுகளின் ஸ்தானத்தை ஊகிக்கிறது. இதற்கான பயிற்சியை யந்திரத்துக்கு அளித்தவை கம்ப்யூட்டரில் உண்டாக்கிய லட்சக்கணக்கான உருவங்கள். அந்த உருவங்களுக்கு அசைவைத் தந்ததோ குறிப்பந்துகளை ஒட்டி முன்னரே எடுத்து வைத்திருந்த பதிவுகள். பந்தில்லாத முறையும் பந்துள்ள முறையிடம் பாடம் கேட்டே வளர்ந்தது. ஓடுவதையும் உதைப்பதையும் மேனாட்டு ஆட்டங்களையும் பயின்ற யந்திரத்துக்கு, தலையில் செம்பைச் சுமந்து ஆடும் ஒரு பெண் என்றைக்குமே கண்டறியாத தோற்றம் என்பதை நாம் மறக்கலாகாது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் பரதநாட்டிய அடவுகளைக் கினெக்டால் பதிவு செய்து, அவற்றிலுள்ள நிலைகளை யந்திரமே இனங்காணுமாறு செய்து பார்த்தபோது, ஊகித்த மூட்டுகளின் கோணங்களை மட்டும் நம்பிய முறையைவிடச் சாதாரண வர்ணப் படத்தை ஆராய்ந்த முறையே மேலாக நின்றது.

ஆகவே பந்துகளை நீக்கியதனால் சிரமம் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. ஆட்டக்காரரின் உடம்பின்மேல் இருந்த பாரத்தை எடுத்து, ஆடும் இடத்தின்மேலும் பதிவு செய்பவரின்மேலும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏரலில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பகல் வேளையில் வாடகைக்கு எடுத்துக் கரகாட்டம் ஒன்றைப் பதிவு செய்ய ஒருவர் புறப்பட்டால், அவர் கவனிக்க வேண்டியவற்றைப் பார்த்தாலே இந்த உண்மை விளங்கும்.

முதலாவது சத்துரு சூரியன். அதன் ஒளியில் அகச்சிவப்பு மிகுதியாக இருப்பதால், ஜன்னல் வழியே விழும் ஒரு வெயில் கீற்றும் அந்த இடத்துத் தூரக் கணக்கைக் கெடுத்துவிடும். ஜன்னல்களைக் கனமான துணியால் மூடியே ஆக வேண்டும். மாறாக இருட்டு இந்தக் கருவிக்கு ஒரு பொருட்டல்ல, தன் ஒளியைத் தானே கொண்டுவருவதால். கொடை இரவில் திறந்த வெளியிலும் பதிவு செய்யலாம்; ஆனால் பந்தலில் கட்டும் ஹாலஜன் ஃபோகஸ் விளக்குகள் அகச்சிவப்பையும் சேர்த்துக் கொட்டுவதால், அவற்றை விலக்கி எல்.இ.டி. விளக்குகளைப் போடச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தரை. மெருகேற்றிய கிரானைட் தரையில் சாய்வாக விழும் ஒளி காமிராவுக்குத் திரும்பாமல் அப்பால் வழுக்கிப் போய்விடுகிறது. அதனால் பாதம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று யந்திரம் தடுமாறும். பளபளப்பில்லாத ஜமக்காளம் ஒன்றைச் சுருக்கமின்றி விரித்து ஓரங்களை ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். காமிராவை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் ஸ்டாண்டின்மேல் இறுக்கி வைத்து, பிறகு அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 3 மீட்டர் தொலைவில் அதன் பார்வை 4 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தையும் ஏறக்குறைய 3.4 மீட்டர் உயரத்தையும் அடக்கும். ஆடுகிறவர் ஆட்டத்தின் வேகத்தில் 1.5 மீட்டருக்கு நெருங்கி வந்துவிட்டாலோ, அந்த உயரம் 1.7 மீட்டராகக் குறுகிக் காலாவது கரகமாவது வெட்டுப்பட்டுப் போகும். ஆகையால் ஆடும் எல்லையை ஜமக்காளத்தின்மேல் சாக்கட்டியால் கோடிட்டுக் காட்டிவிடுவது நலம். கருவியை இயக்கியதும் பதிவைத் தொடங்காமல், அது சூடேறி அளவு நிலைப்படுவதற்கு அரைமணி நேரமாவது விடுவது அநுபவஸ்தர்களின் வழக்கம்.

மூன்றாவது வேஷமும் கரகமும். விசிறி விரியும் பாவாடைக்குள் இரண்டு கால்களும் யந்திரத்துக்கு ஒரே தூணாகத் தோன்றும். சமிக்கியும் ஜரிகையும் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். கறுப்பு வெல்வெட் அதை விழுங்கிவிடும். ஆதலால் பதிவுக்கென்று உடம்போடு ஒட்டிய, வெளிர் நிறப் பருத்தி உடையே உகந்தது. பளிச்சென்று தேய்த்த பித்தளைச் செம்பு, தூரக் கணக்கால் உண்டாகும் ஆழப் படத்தில் பெரும்பாலும் செம்பாகவே தெரியாது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை ஒன்றுதான் இருக்கும். பக்கங்களை மங்கலான துணியால் சுற்றினால் வடிவம் தெரியும். அடிப்பாகத்தை மட்டும் மூடலாகாது, ஏனெனில் தலையின்மேல் செம்பு பிடித்து நிற்பது அந்த இடத்தில்தான், அங்கே துணி வந்தால் ஆட்டமே மாறிவிடும். இவ்வளவும் செய்த பிறகு புதிதாக ஒரு வேடிக்கை நேரும்: செம்பையும் தலையையும் ஒன்றாகப் பாவித்து, யந்திரம் தலையைக் கரகத்தின் ஸ்தானத்தில் கொண்டுபோய் வைக்கும். ஆகவே அதே ஆட்டத்தைக் கரகத்தோடு ஒரு முறையும் கரகமில்லாமல் ஒரு முறையும் பதிவு செய்துகொண்டு, பின்னதைப் பார்த்து முன்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பதிவின் முறை எளியது. முதலில் ஆளில்லாத கூடத்தைச் சில விநாடிகள் எடுக்க வேண்டும். பின்புறத்தைக் கழித்துவிட்டு மனிதரை மட்டும் பிரித்தெடுக்க யந்திரத்துக்கு அது வேண்டும். பிறகு ஆடுகிறவர் நடுவில் வந்து நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் தோள்மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி ஓரிரு விநாடி அசையாமல் இருக்க வேண்டும். மூட்டுக்கு மூட்டு உள்ள நீளத்தை அந்த நிலையிலிருந்தே கணக்கிடுவார்கள். ஒரு தடவை கையைத் தட்டச் சொன்னால், தவிலின் ஓசையையும் அசைவையும் பின்னால் ஒன்றோடொன்று பொருத்துவது சுலபமாகும். ஆட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுப்பதைவிட, ஓர் அடவு முடிந்தவுடன் நிறுத்தி அடுத்ததைத் தனியாக எடுப்பது சிலாக்கியமானது. எங்கேனும் கணக்குப் பிசகினால் அந்தத் துண்டை மட்டும் மீண்டும் எடுக்கலாம். ஒரே காமிராவுக்கு, முதுகைக் காட்டித் திரும்பியவரின் இடக்கையும் வலக்கையும் மாறிப்போகும். உடம்புக்குப் பின்னால் போன கை இல்லாமலே போகும். சுற்றிச் சுழலும் ஆட்டங்களுக்கு இரண்டு காமிராக்களை வெவ்வேறு கோணத்தில் நிறுத்தி, ஓர் அட்டைப் பலகையை இரண்டின் பார்வையிலும் படுமாறு ஏந்தி நடந்து, ஒன்றின் கணக்கை மற்றதன் கணக்கோடு முதலில் இசைவித்துக்கொள்கிறார்கள்.

முடிவில் கிடைப்பது எண்வரிசை. பி.வி.ஹெச். என்ற பழைய கோப்பு முறையில் மூட்டுகளின் வம்சாவளி முதலில் வரும். அதன்கீழ் விநாடிக்கு 30 வரி வீதம் கோணங்கள். ஐந்து நிமிஷ ஆட்டம் 9,000 வரிகளாகிறது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அதை ஒரு பொம்மைக்குப் பூட்டினால் பொம்மை ஆடும். ஆனால் மூல அளவில் இயல்பாகவே ஒரு நடுக்கம் இருப்பதால், பார்வைக்கு அழகாக இருக்கவேண்டுமென்று அதை மழுக்கிவிடுவது சம்பிரதாயம். கரகாட்டத்தின் சூக்ஷ்மம் கெடுவது இங்கேதான். காலும் இடுப்பும் துள்ளும்போது செம்பு விழாதிருப்பதற்காகக் கழுத்து கணந்தோறும் செய்துகொள்ளும் சிறு திருத்தம், அளவில் யந்திரத்தின் நடுக்கத்தைவிடப் பெரிதல்ல; நடுக்கத்தை நீக்குகிறவர் அந்த வித்தையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார். காலடிகளின் பாதை, முழங்காலின் மடிப்பு, உடம்பின் திருப்பம் ஆகியவற்றுக்கு இந்தக் காமிரா நம்பத்தக்க சாட்சி. கழுத்துக்கும் விரல்களுக்கும் முகபாவத்துக்கும் அல்ல. அவற்றுக்காகப் பக்கத்தில் ஒரு நல்ல வீடியோக் காமிராவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது அவசியம்.

கருவியின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. கினெக்டின் உற்பத்தி 2017இல் நின்றது. 2019இல் வெளிவந்த அஸூர் கினெக்டையும் 2023இல் நிறுத்திவிட்டார்கள். அதே நுட்பத்தை ஆர்பெக் கம்பெனி தன் கருவிகளில் தொடர்ந்து வழங்குகிறது. ஆழக் காமிராவே இல்லாமல் கைபேசிப் படத்திலிருந்து மூட்டுகளை ஊகிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. எது வந்தாலும் இடத்தைச் செப்பனிடுவதும் கிடைத்ததைச் சோதிப்பதும் மனிதர் பொறுப்பாகவே இருக்கின்றன.

அந்தப் பொறுப்பில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. ஓர் இரவுக் கூலிக்கு ஆடிய பெண்ணின் அசைவு கோப்பாகிவிட்டால், அதை ஆயிரம் பொம்மைகளுக்குப் பூட்டலாம். சினிமாவிலும் விளையாட்டிலும் விற்கலாம். ஆடியவர் யார் என்பது ஒருவருக்கும் தெரியாமலே போகலாம். நம் நாட்டின் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், பின்வந்த திருத்தங்களின் மூலம், நர்த்தகர்களுக்கும் பாம்பாட்டிகளுக்குங்கூடத் தம் நிகழ்ச்சியின்மேல் 50 ஆண்டுக்கால உரிமையை அளித்திருக்கிறது. ஆனால் மூட்டுக்கோணங்களின் எண்வரிசையைப் பற்றி அது பெயர்சொல்லிப் பேசவில்லை. சட்டம் பேசாத இடத்தில் பதிவு செய்பவர் பேசியாக வேண்டும். ஆடுவதற்கு முன்பே, எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் யாருக்குக் கொடுப்போம், பிற்காலத்தில் பணம் வந்தால் பங்கு என்ன என்பதை அவருக்குப் புரியும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, கோப்பின் முதல் வரியிலேயே அவர் பெயரையும் ஊரையும் குறித்து, ஒரு பிரதியை அவரிடமே ஒப்படைத்தால், அவருடைய பேத்தி ஆடக் கற்கும்போது அது பாடமாகவும் உதவும், சொத்தாகவும் நிற்கும்.