நிறைவைச் சொல்லும் சொற்கள்

காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று திசைகளின் ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு நம் பாகாலா. தமிழும் தெலுங்கும் கூடுமிடமும் இதுவே. ஆனால் இரு மொழிகளையும் கேட்டு வளரும் நம் பிள்ளைகள், தொட்டி நிரம்பினாலும், வயிறு நிறைந்தாலும், பஸ்ஸில் இடமில்லாவிட்டாலும் ‘ஃபுல்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்தி விடுகிறார்கள்.

தமிழில் நிறைவுக்குப் படிகள் உண்டு. குடத்து நீர் விளிம்பைத் தொட்டால் நிரம்பியது, விளிம்பில் அலைந்தால் தளும்புகிறது, மீறினால் வழிகிறது. பால் கொதித்து எழுந்தால் பொங்குகிறது. கண்ணீர் விழாமல் நின்றால் ததும்புகிறது. அரிசி அளப்பதிலும் தலைதட்டிய படி வேறு, குவித்து அளந்த படி வேறு. பேறுகாலம் நெருங்கியவள் நிறைமாதக் கர்ப்பிணி.

தெலுங்கில் இதற்கு ‘நிண்டு’ என்பர். நம் ‘நிறை’க்கு இது உறவுச் சொல். ‘கடுபு நிண்டிந்தி’ என்றால் வயிறு நிறைந்தது. ‘நிண்டு நூறேள்ளு’ வாழ்க என்று பெரியவர்கள் வாழ்த்துவது, நூறாண்டு முழுமையாக வாழ்க என்பதே. நமது ‘நிறைகுடம் தளும்பாது’ அங்கே ‘நிண்டு குண்ட தொணகது’.

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பக்கத்து வீட்டம்மாள் ‘பிய்யம் நிண்டுகுன்னாயி’ என்றால், அரிசி நிறைய இருக்கிறது என்று எண்ணி விடாதீர்கள். அரிசி தீர்ந்து விட்டது என்று பொருள்! வீட்டில் அரிசி ‘இல்லை’ என்று வாயால் சொல்வது மங்கலமல்ல என்பதால், இல்லாமையையும் நிறைவுச் சொல்லாலேயே சொல்கிறார்கள். விளக்கு அணைந்தது என்னாமல் ‘மலையேறியது’ என்று நாம் சொல்வதும், அவர்கள் ‘கொண்டெக்கிந்தி’ என்பதும் இதே பண்புதான்.

தூரத்து மொழிகளிலும் இத்தகைய நுட்பம் உண்டு. வியட்நாமிய மொழியில் உண்டு நிறைந்ததற்கு ‘நோ’ என்று தனிச் சொல். பாத்திரம் நிறைவதற்கு வேறு சொல். பாத்திரத்துக்கான சொல்லை வயிற்றோடு சேர்த்துச் சொன்னால் உப்புசம் என்றாகி விடும்!

பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு வீடுதான் பள்ளிக்கூடம். இன்றிரவு சாப்பிட்டு முடித்துப் பிள்ளை ‘ஃபுல்’ என்றால், “வயிறு நிறைந்ததா கண்ணு?” என்று திருப்பிக் கேளுங்கள். நாலு நாளில் அந்தச் சொல் தானாக அதன் நாவில் வந்து விடும்.