பள்ளிக்கு வேலி ஊரே!

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பள்ளிக்கூடம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கரும்பலகையும் புத்தகமும் மணியோசையுமே. காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட குழந்தை மாலையில் நலமாகத் திரும்ப வேண்டும் என்பது இவையனைத்துக்கும் முந்திய தேவையாகும். அதைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. எண்ண நேரும்போது காலம் கடந்துவிடுகிறது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் ஊர் மக்களின் கூட்டு வாழ்வுக்கும் உள்ள தொடர்பை, படித்தறிந்ததைக் கொண்டும் பட்டறிந்ததைக் கொண்டும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெருப்பு கற்பித்த பாடம்

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அப்போது நான் என் தாயின் வயிற்றில் ஆறு மாதக் கரு. எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணமே. அன்று ஊரில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை என்று என் தாய் இன்றும் சொல்வார்.

தீ எரிவதற்கு எரிபொருள், உயிர்வாயு, வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று படிக்கிறோம். காய்ந்த கீற்றுக் கூரையில் எரிபொருளும், இடுக்குகளில் நிறைந்த காற்றும் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. குறைவது வெப்பம் ஒன்றே. அடுப்பின் அருகில் அதுவும் கிடைத்துவிடுகிறது. சமையற்கட்டின் கீற்றில் பற்றிய தீ, மேல்தளத்தில் வகுப்புகளுக்கு வேய்ந்திருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகலான படிக்கட்டின் வழியே அத்தனை குழந்தைகளும் தப்பி வர இயலவில்லை. ஆகவே இது விதியின் செயல் அன்று. கூரை, அடுப்பு, படிக்கட்டு ஆகிய மூன்றையும் முன்பே ஒருசேரப் பார்த்து, ஒருவர் கேள்வி கேட்டிருந்தால் தடுத்திருக்கக் கூடியது.

அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணை பிறந்தது. இத்துயரத்தை ஒட்டித் தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.

இன்னொரு ஜூலை 16

சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டு அதே ஜூலை 16ஆம் நாள், பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் பூச்சிக்கொல்லி மருந்து கலந்திருந்ததே காரணம். முன்னது நெருப்பு, பின்னது நஞ்சு. இரண்டிலும் இருந்தது கவனக்குறைவு. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்ததையும் நாம் மறத்தலாகாது.

எங்கள் பள்ளியின் சத்துணவு ஆயா அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்து பாராமல் சட்டியில் ஊற்றமாட்டார். கொதிக்கும் சாம்பார் அண்டாவைப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் பக்கம் ஒருபோதும் வைக்கமாட்டார். அவருடைய அந்தப் பழக்கம், எழுதி ஒட்டிய நூறு அறிவிப்புகளுக்குச் சமம்.

வாய்க்கால் தந்த அனுபவம்

நான் படித்தது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு வாய்க்கால் உண்டு. அதன் மீது இரண்டு பனங்கட்டைகள் கிடக்கும். அதுவே எங்கள் பாலம். பெரியவர்கள் பழகிய கால்களால் நடந்துவிடுவார்கள். பிள்ளைகளும் அப்படியே நடப்பார்கள் என்று ஊரார் எண்ணியிருந்தனர்.

2014ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழை. நான் நான்காம் வகுப்பு, என் தம்பி முதல் வகுப்பு. கட்டையில் கால் வழுக்கி அவன் தண்ணீரில் விழுந்தான். புத்தகப் பை அவனை இழுத்துக்கொண்டு போனது. எனக்குக் கத்தக்கூடக் குரல் எழவில்லை. வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காள் குதித்துத் தூக்கிவிட்டார். அவர் அன்று அந்த வயலில் இல்லாதிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் என் கை நடுங்குகிறது.

மறுநாள் முதல் அம்மா எங்கள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஒரு வாரம் கழிந்தது. தலைமையாசிரியர் வீடு தேடி வந்தார். படிப்பு கெட்டுவிடுமே என்று எடுத்துரைத்தார். அம்மா சொன்ன மறுமொழி இது: “படிப்புப் போனா கூலி வேலை செஞ்சாவது பொழைச்சுக்குவாங்க சார். உசுரு போனா?”

தலைமையாசிரியர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கு. இதை நீங்களே வந்து அங்க சொல்லுங்கம்மா” என்றார்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் தாய், அன்றுவரை எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்றவர் அல்லர். அன்று நின்றார். அழுதுகொண்டேதான் பேசினாராம். ஆனால் பேசினார். அக்கூட்டத்தின் விளைவாக மூன்று காரியங்கள் நடந்தன. மறுநாளே இளைஞர்கள் மூங்கிலால் கைப்பிடி கட்டினர். காலையும் மாலையும் பிள்ளைகளைக் கைபிடித்துக் கடத்திவிட ஒரு முதியவர் முன்வந்தார்; மழைக்காலம் முடியும் வரை ஒரு நாளும் தவறவில்லை. சிமெண்டுப் பாலம் வேண்டுமென்று தீர்மானம் எழுதி ஊராட்சிக்கு அனுப்பினர். அந்தப் பாலம் 2017இல்தான் வந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்புக்கு வேறு ஊருக்குச் சென்றுவிட்டேன். ஆயினும் அந்த மூங்கில் கைப்பிடியை நம்பித்தான் அம்மா எங்களை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கைப்பிடி இல்லையேல் இக்கட்டுரை இல்லை.

பாதுகாப்பில்லாத பள்ளி உயிரைப் பறிப்பது எங்கோ ஓரிடத்தில். படிப்பைப் பறிப்பதோ பல இடங்களில். ஏழைப் பெற்றோரின் அச்சம் முதலில் நிறுத்துவது பிள்ளையின் கல்வியைத்தான். இதுவே நான் கற்றுக்கொண்ட உண்மை.

சட்டம் தந்த இடம்

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டடம், நல்ல குடிநீர், ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, சமையற்கூடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியவை பள்ளிக்கு வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கவும் கூறுகிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். என் தாய்க்குப் பேச இடம் கிடைத்தது இச்சட்டத்தால்தான். பல ஊர்களில் இக்குழு கையெழுத்தோடு நின்றுவிடுகிறது என்பதும் உண்மையே. சட்டம் நாற்காலியைப் போடும்; அதில் வந்து அமர வேண்டியவர்கள் நாம்.

ஊரும் பள்ளியும் சேர்ந்து நிற்பது நமக்குப் புதிதன்று. 1950களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டிய பொருள்களை மனமுவந்து அளித்தனர். அன்று ஊரார் பொருள் கொடுத்தார்கள். இன்று கொடுக்க வேண்டியது கவனம்.

சொல்லத் தயங்கும் ஆபத்து

சுவரும் தண்ணீரும் மட்டுமே ஆபத்து அல்ல. மனிதராலும் ஆபத்து வரும். அறிந்தவரிடமிருந்தும் வரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் தண்டனையையும் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது. எனினும் குழந்தை வாய் திறந்தால்தான் சட்டம் கண் திறக்கும். “பொய் சொல்லாதே” என்று அதட்டும் வீட்டில் குழந்தை எதையும் சொல்லாது. ஆகவே, பிள்ளை சொல்வதைப் பொறுமையுடன் கேட்பதே முதல் பாதுகாப்பு. 1098 என்ற உதவி எண்ணை அழைத்தால் எந்நேரமும் உதவி கேட்கலாம் என்பதைக் குழந்தைகளும் அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். வரும் விடுமுறையில் ஒரு நாள் மாலை, நாம் படித்த பள்ளிக்குச் சென்று வருவோம். சுவரில் விரிசல் உண்டா, மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா, அருகிலுள்ள கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா, வகுப்பறைக் கதவு தடையின்றித் திறக்கிறதா, பிள்ளைகள் வரும் வழியில் வாய்க்காலோ நெடுஞ்சாலையோ குறுக்கிடுகிறதா என்று பார்ப்போம். கண்டதை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுப்போம். குறை கூறுவதற்காக அல்ல. குழுவில் அவர் பேசும்போது அவர் கையில் ஒரு சான்று இருப்பதற்காக.

என் தம்பி இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறான். நன்றாக நீந்தவும் கற்றுக்கொண்டான். பனங்கட்டைகள் இருந்த இடத்தில் சிமெண்டுப் பாலம் நிற்கிறது. அதன் வழியே இன்று போகும் பிள்ளைகளுக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது. தெரியாமலே அவர்கள் ஓடிப்போகட்டும். நாம் மறவாதிருந்தால் போதும்.