ஆன்லைன் கிளாஸ்: ஆணை ஒன்று, நடந்தது வேறு… ஏன்?

காலை 10 மணி. வாட்ஸ்அப் குரூப்பில் கணக்கு வீடியோ வந்து விழுகிறது. வீட்டில் இருப்பதே ஒரு ஸ்மார்ட்போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. மகளுக்குக் கணக்குப் பாடம் எப்போது? கொரோனா காலத்தில் இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை. ஆசிரியர்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

ஆணை என்ன சொன்னது?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூலையில் மத்திய அரசு 'பிரக்யதா' வழிகாட்டுதலை வெளியிட்டது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை ஒரு நாளுக்கு அதிகபட்சம் 2 வகுப்புகள், 9 முதல் 12 வரை 4 வகுப்புகள். ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியும், பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு வீடியோக்களும் இருந்தன. ஏற்பாடு பக்காதான்... காகிதத்தில்!

ஊரில் என்ன சிக்கல்?

தென்காசி மாவட்டத்தின் கீழப்பாவூரை எடுத்துக்கொள்வோம். விவசாயமும் பீடி சுற்றலும் சோறு போடும் வட்டாரம். மாவட்டமே 2019 நவம்பரில்தான் உருவானது. நான்கே மாதத்தில் ஊரடங்கு. நாடு முழுக்க கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 2020 'ஏசர்' ஆய்வின்படி, பள்ளிக் குழந்தைகளில் 61.8 சதவீதம் பேரின் வீட்டில்தான் ஸ்மார்ட்போன் இருந்தது. வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளை கையில் இருப்பது வேறு.

ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்?

ஆணையைத் தூக்கிப் போடவில்லை. ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். வீடியோ ஓடாத போனுக்கு வாய்ஸ் மெசேஜ். அப்பா வீடு திரும்பும் நேரம் பார்த்து, ராத்திரியில் வீட்டுப்பாடம். போனே இல்லாத பிள்ளைகளுக்கு மரத்தடியிலும் தெருவிலும் சின்னச் சின்னக் குழுக்களாகப் பாடம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இது நடந்தது.

அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-லேயே இதை விளக்கியிருக்கிறார். ஆசிரியர், போலீஸ்காரர் போல மக்களை நேரில் சந்திக்கும் ஊழியர்கள் எடுக்கும் அன்றாட முடிவுகள்தான், கடைசியில் அரசின் கொள்கையாக மக்களைச் சேர்கின்றன என்பது அவர் வாதம்.

இதில் ஆபத்து உண்டா?

உண்டு. எல்லாமே ஆசிரியரின் மனசைப் பொறுத்தது என்றால், ஒரு தெருப் பிள்ளைக்குப் பாடம் கிடைக்கும், அடுத்த தெருப் பிள்ளைக்குக் கிடைக்காது. சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்து, ரிஸ்க் எடுத்துத் தெருவுக்கு வந்தவர்களை மட்டுமே நம்பி ஒரு திட்டம் ஓட முடியாது.

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை, மாலை நேரத்தில், வீட்டுப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் சொல்லித்தந்தார்கள். அதாவது, ஆசிரியர்கள் சிலர் தெருவில் செய்து பார்த்த வழிக்கே ஒன்றரை வருஷம் கழித்து அரசும் வந்தது.

அடுத்த முறை?

2023 டிசம்பர் பெருமழை தென்காசி உட்பட நான்கு தென் மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. வெள்ளத்தில் கரண்டும் டவரும் போய்விட்டால் 'ஆன்லைன்' என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை.

ஆகவே, அடுத்த சுற்றறிக்கையில் 'எத்தனை நிமிடம்' என்பதோடு இன்னும் மூன்று வரிகள் வேண்டும். போன் இல்லாத பிள்ளைக்கு என்ன வழி? அதற்கான செலவு யாருடையது? ஆணையை மாற்றிச் செய்யும் ஆசிரியருக்கு என்ன பாதுகாப்பு? போன் வீடு திரும்பும்வரை காத்திருந்த அந்த மகளின் கணக்குப் பாடம், இந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது.