குட்டிப் பாதங்கள் நிமிரும் அறை

கதவில் ‘உள்ளே வரக் கூடாது’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இன்று காலை மட்டும் அந்தத் தடை நமக்கு இல்லை! என் பின்னாலேயே வந்துவிடுங்கள். தரையெல்லாம் மாவும் தண்ணீரும். வழுக்கும், பார்த்துக் கால் வையுங்கள்.

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மாவுக்கட்டு அறை இது. வாரத்தில் ஒரு காலைப் பொழுது, வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு அழுகைதான் கேட்கும். உள்ளே எவ்வளவு சிரிப்பு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பப்பா, என்ன ஒரு களேபரம்! சுவிட்சுப் பெட்டி, ஜன்னல் கம்பி, மாவுக்கட்டு போடும் அண்ணனின் புருவம் என்று எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி. மூலையில் வெட்டி எறிந்த பழைய கட்டுகளின் குவியல், ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு காலின் வடிவில். மேசைமேல் பஞ்சுச் சுருள்களுக்கு நடுவே பாலாடை, கிலுகிலுப்பை, யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைச் சாக்ஸ். ஒரு பாட்டி, பேரனின் காய்ந்த மாவுக்கட்டின் மேலேயே கண்மையால் திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறார். கன்னத்தில் ஒன்று, கட்டில் ஒன்று!

முதலில் குளியல். வாரம் முழுக்கக் கட்டுக்குள் இருந்த காலைத் தொட்டித் தண்ணீரில் ஊற வைத்து, கட்டைப் பிரித்ததும், அம்மாக்கள் பாய்ந்து வருகிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் அழுக்கெடுத்து, பாதத்தில் முத்தம் கொடுத்து... குழந்தையோ விடுதலை கிடைத்த குஷியில் காற்றை உதைக்கிறது. “சீக்கிரம் தாயி, அடுத்த கட்டுப் போடணும்” என்று சிஸ்டர் விரட்டுகிறார். விரட்டிக்கொண்டே அவரும் அந்த உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டிவிடுகிறார். வீட்டிலேயே கட்டைக் கழற்றிக்கொண்டு வந்தால் மட்டும் இங்கே திட்டு விழும். கட்டைக் கழற்றிய கால் பழைய பக்கமே திரும்பப் பார்க்குமாம்.

வளைபாதம் என்றால் உள்ளங்கால் உள்பக்கம் திரும்பி, குதிகால் மேலே ஏறி, பாதம் மடங்கியே பிறப்பது. சுமாராக ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். பாதிப் பேருக்கு இரண்டு காலிலுமே இருக்கும். பெரும்பாலும் காரணம் புலப்படுவதில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? “கிரகணத்தன்னைக்கு நான் காய் நறுக்கினதாலதான்னு மாமியார் சொல்றாங்க சார்” என்று ஒரு இளம் தாய் குரல் தாழ்த்துகிறார். டாக்டர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்கிறார். “மாமியாரை உள்ள கூப்பிடுங்க!” பெரியம்மா வருகிறார். கிரகணத்துக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லை, மருமகள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஐந்து நிமிடம் பொறுமையாகச் சொல்கிறார் டாக்டர். இன்று காலை நான் பார்த்த வைத்தியங்களில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

இப்போது கட்டுப் போடும் காட்சி. பாட்டி ஒருவர் “புள்ளைக்குச் சளி பிடிக்கும்” என்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டதால் அத்தனை பேருக்கும் வேர்த்து ஊற்றுகிறது. டாக்டர் இரண்டு கைகளாலும் பாதத்தைப் பிடித்திருக்கிறார். கட்டைவிரல் பாதத்தின் வெளிப்பக்கத்தில், கணுக்காலுக்குச் சற்று முன்னே துருத்தும் எலும்பில் முட்டுக்கொடுத்திருக்க, மற்ற விரல்கள் பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்துகின்றன. அண்ணன் மாவுச் சுருளைத் தண்ணீரில் முக்க, குமிழி குமிழியாகப் பொங்குகிறது. பஞ்சு ஒரு சுற்று, அதன்மேல் மாவுத்துணி, விரல் நுனியிலிருந்து தொடை வரை, முழங்கால் மடித்தபடி. கட்டு இறுகும்போது இளஞ்சூடாக இருக்கிறது, தொட்டுப் பாருங்களேன்! சரியாக அந்த நேரம் பார்த்துப் பையன் ஒன்றுக்கு அடித்துவிட, டாக்டரின் சட்டை நனைந்துவிட்டது. “தண்ணி போதலைன்னு நினைச்சான் போல” என்கிறார் அண்ணன். அறையே குலுங்குகிறது.

முதல் கட்டைப் பார்த்தால் பயமாக இருக்கும். பாதம் முன்னைவிடக் கோணலாகத் தெரியும்! வேண்டுமென்றேதான் செய்கிறார்கள். முன்பாதத்தைப் பின்பாதத்தோடு ஒரே வாக்கில் கொண்டுவந்தால்தான் மொத்தமாக வெளியே திருப்ப முடியும். இந்தச் சூட்சுமத்தைக் கண்டவர் இக்னாசியோ பொன்செட்டி. 1914-ல் ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகனாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பிரான்ஸ், மெக்சிகோ வழியாக 1941-ல் அமெரிக்காவின் ஐயோவாவுக்கு வந்து சேர்ந்தார். பாதத்தை அகலத் திறந்து அறுவை செய்வதுதான் அன்றைய வழக்கம். அப்படிச் செய்த கால்கள் வளர்ந்த பிறகு விறைத்து வலித்தன. இவர் கையாலும் மாவாலும் திருத்திக் காட்டினார். 1963-லேயே எழுதியும் உலகம் காதுகொடுத்துக் கேட்டது 1990-களில்தான். 2009-ல் தொண்ணூற்றைந்து வயதில் மறையும்வரை ஓயாத மனிதர்.

சுவரோரம் அம்மாக்கள் மதிப்பெண் பேசுகிறார்கள். வளைவின் அளவை ஆறிலிருந்து பூஜ்யம் வரை குறித்துவைப்பது பிரானி முறை. “என் பையன் போன வாரம் நாலரை, இன்னிக்கு மூணு!” மதிப்பெண் குறையக் குறையக் கைதட்டுகிறார்கள்.

ஐந்தாறு கட்டுகளில் பாதம் திரும்பிவிடும். குதிகால் மட்டும் பலருக்கு இறங்காது. அதற்குத்தான் அடுத்த அறையில் அந்தக் குட்டி அறுவை. வாருங்கள், எட்டிப் பார்ப்போம்! மரத்துப்போக மருந்து, மெல்லிய கத்தி, குதிகாலுக்கு மேலே ஒரு பொட்டளவு வெட்டு. உள்ளே இறுகிய தசைநார் அறுபட்டதும், அதுவரை பிடிவாதமாகத் தொங்கிய பாதம் சட்டென்று மேலே எழும்புகிறது! பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர் தன்னை மறந்து “ஆஹா” என்கிறார். நானும்தான். தையல் கிடையாது. பஞ்சை வைத்து அழுத்திவிட்டு மறுபடி கட்டு, இந்த முறை மூன்று வாரத்துக்கு. அதற்குள் நார் தேவையான நீளத்தில் தானாக ஒட்டி வளர்ந்துவிடும். பையன் அம்மா மடிக்குப் போய்ப் பால் குடிக்க ஆரம்பித்துவிட்டான்.

உண்மையான பாடு இனிமேல்தான். கம்பியால் இணைத்த ஜோடி ஷூ. முதல் மூன்று மாதம் நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம். பிறகு நான்கு வயது வரை தூங்கும்போதெல்லாம். நிறுத்தினால் கால் மறுபடி வளையும். முதல் சில இரவுகள் வீடே தூங்காது. “அழுதான்னு கழட்டிட்டியா?” என்று சிஸ்டர் கேட்க, “கழட்டச் சொன்னது எங்கம்மா, கழட்டாதது நான்” என்கிறார் ஒரு ஆட்டோ ஓட்டும் அப்பா. ஷூவின் வாரை இறுக்கக் கற்றுக்கொண்டு ராத்திரிக் காவல் இருக்கிறாராம். சிஸ்டர் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

நடுவே கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறான் ஒரு மூன்று வயதுக்காரன். இரண்டு காலும் வளைந்து பிறந்தவனாம், பரிசோதனைக்கு வந்திருக்கிறான். யாரும் கூப்பிடுமுன்பே குவியலிலிருந்து ஒரு பழைய கட்டை இழுத்துப் போட்டு, ஓடிவந்து ஓர் உதை. அது நேராக மாவு வாளியில் விழுகிறது. “டேய்ய்ய்!” என்று கத்தியபடி முகத்தைத் துடைத்துக்கொள்ளும் அண்ணன், அடுத்த நொடியே வாளியை நகர்த்திவைத்து இன்னொரு கட்டை அவன் முன்னால் உருட்டிவிடுகிறார்.