அந்தப் பேரேடு கிளையிடம் இருக்கிறதா?



"மகளின்ரை புரோகிராம் வீட்டுக் கணனியிலை ஓடுது, கம்பஸ் பெரிய கணனியிலை விழுந்துபோகுது. ஏன் அண்ணை?" என்று நிகழ்ச்சிக்கு அழைத்த ஒரு தாயார் கேட்டார். பிள்ளை இரண்டு கிழமையாக நித்திரையில்லாமல் இருக்கிறாளாம். வானலையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடியாத விடயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

லொங்குய்யிலிருந்து ஆற்றைக் கடந்தால், மொன்றியலின் ஈ.ரி.எஸ். தொழில்நுட்பக் கல்லூரியில் 2021இல் சேவைக்கு வந்த 'நார்வால்' என்னும் மீகணனி இருக்கிறது. அதன் ஜீபியுப் பெட்டி ஒவ்வொன்றிலும் நான்கு ஏ100 ஜீபியுக்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 40 ஜீபி நினைவகம். வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் சீபியுவின் நினைவகம் வேறு.

கணக்காளன் பாஷையில் சொன்னால், தலைமைக் காரியாலயத்துக்கும் கிளைக்கும் தனித்தனிப் பேரேடு. "47ஆம் பக்கத்தைப் பார்" என்று தலைமையகம் கடிதம் எழுதுகிறது. அந்தப் பேரேடு கிளையிடம் இல்லையே! கணனியில் அந்தப் பக்க எண்ணுக்குப் பெயர் பொயின்ரர். அதைத் தொட்டவுடன் புரோகிராம் விழுகிறது.

அப்படியானால் வீட்டில் எப்படி ஓடியது? ஓபன்எம்பி முறையில் எழுதிய புரோகிராம், பயன்படுத்தத்தக்க ஜீபியு இல்லாவிட்டால், ஜீபியுவுக்கென்று ஒதுக்கிய பகுதியையும் சீபியுவிடமே கொடுத்துவிடும். ஒரே பேரேடு, ஆகவே பிழை தெரிவதில்லை. பிள்ளைகளை நன்றாக ஏமாற்றும் இடம் இதுதான்.

தொடுவதற்கு முன் கேட்க வழியுண்டு. 2015இல் வந்த 4.5 பதிப்பில் 'ஓஎம்பி_ராகெற்_இஸ்_பிரசென்ற்': இதன் பிரதி அங்கே இருக்கிறதா? 2020 நொவம்பரில் வந்த 5.1 பதிப்பில் 'ஓஎம்பி_ராகெற்_இஸ்_அக்செசிபிள்': இந்த விலாசத்தையே அந்தக் கருவி வாசிக்குமா? இரண்டும் ஒரே கேள்வி அல்ல. பிரதி இருந்தாலும் அது கிளையில் வேறு பக்க எண்ணில் இருக்கலாம். மறுபக்கம், 2023இல் ஏஎம்டி வெளியிட்ட எம்ஐ300ஏ போன்றவற்றில் சீபியுவும் ஜீபியுவும் ஒரே நினைவகத்தைப் பங்கிடுவதால், பிரதி இல்லாமலே வாசிக்கலாம்.

இரண்டாவது கேள்விக்குத் தொடக்க விலாசம், எத்தனை பைற், எந்தக் கருவி என்ற மூன்றையும் கொடுக்கவேண்டும். பூச்சியம் வந்தால் முடியாது. பாதி அளவுக்குக் கேட்டுவிட்டு முழுவதையும் வாசிக்கக் கூடாது. கொம்பைலர் பழையதானால் இந்த வசதி இராது.

பூச்சியம் வந்தால் 'மப்' கட்டளையால் பிரதி அனுப்பவேண்டும். 'ரு' என்று மட்டும் எழுதினால் தரவு போகும், விடை திரும்பாது. தலைமையகப் பேரேட்டில் பழைய எண்களே இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. புரோகிராம் விழுவதைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். அனுப்பி மீளப் பெற 'ருபுரொம்' என்று எழுதவேண்டும்.

அந்தத் தங்கச்சிக்கு ஒன்று: 'ஓஎம்பி_ராகெற்_ஓவ்லோட்' என்ற சூழல் மாறியை 'மண்டற்றறி' என்று வைத்து வீட்டில் ஓட்டிப் பாருங்கள். ஜீபியு கிடைக்காவிட்டால் சீபியு அந்த வேலையை ஏற்காது. புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்.