பயில்வானைப் பிடித்த துரு

அமெரிக்க தேசத்தில் 'மஸில் கார்' என்று ஒரு ஜாதி மோட்டார் உண்டு. நம் பாஷையில் பயில்வான் வண்டி என்று சொல்லிவிடலாம். நடுத்தர அளவுள்ள ஒரு குடும்பக் காரை எடுத்துக்கொண்டு, பெரிய காருக்கென்று செய்த எஞ்சினை அதன் மூக்குக்குள்ளே அடைத்துவிட்டால் பயில்வான் வண்டி தயார்! 1964-ம் வருஷத்து மாதிரியாகப் பான்டியாக் கம்பெனி வெளியிட்ட 'ஜி.டி.ஓ.' வண்டியைத்தான் இந்த வம்சத்தின் மூலபுருஷன் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

அது பிறந்த கதை வேடிக்கையானது. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமை எஞ்சினீயரான ஜான் டெலோரியனும் அவருடைய சகாக்களும் 389 கன அங்குல எஞ்சினை வைக்க ஆசைப்பட்டார்கள். "இது தனி வண்டியே அல்ல, லெமான்ஸ் வண்டி வாங்குகிறவர்கள் விரும்பினால் கூடுதலாகச் சுமார் 300 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளும் உபகரணம்" என்று கணக்கில் எழுதிவிட்டார்கள்! முதல் வருஷத்திலேயே 32,000-க்கு மேல் விற்றுப் போயிற்று. அந்தப் பெயரின் இங்கிலீஷ் எழுத்துக்களைக் கலைத்து, ஓர் எழுத்தையும் சேர்த்து, ஜனங்கள் அதற்கு 'ஆடு' என்று செல்லப் பெயரும் வைத்தார்கள்.

1967-ம் வருஷத்தில் எஞ்சின் 400 கன அங்குலமாக வளர்ந்தது. அந்த வருஷம் செய்த சுமார் 82,000 ஜி.டி.ஓ. வண்டிகளில், துணிக் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய 'கன்வர்ட்டிபிள்' வண்டிகள் 9,517-தான். இன்றைக்கு மிச்சிகன், ஓஹையோ போன்ற வடக்கு ராஜ்யங்களில் ஏதாவது ஒரு களஞ்சியத்தின் மூலையில் அவற்றில் ஒன்று அகப்பட்டால், கண்டவர் கை சும்மா இருப்பதில்லை. துருவும் தூசியுமாக வீட்டுக்கு இழுத்து வந்துவிடுகிறார். குடும்பத்தின் நல்ல கார் அன்று முதல் வாசலில் பனியில் நிற்கிறது, கொட்டகை நோயாளிக்கு.

இரும்பு வண்டி இப்படி உளுத்துப் போவானேன்? அந்தப் பிரதேசங்களில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறைந்து வழுக்கும். அதை உருக்குவதற்காக, இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு, சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமல்லவா? துருப் பிடிப்பதும் ஒரு வகை மின்சாரக் காரியமே ஆனபடியால், அடியில் தெறித்த உப்பு நீர் தகட்டை வேகமாகத் தின்றுவிடுகிறது. கன்வர்ட்டிபிளுக்கோ மேலேயிருந்தும் விபத்து. துணி கிழிந்தும் தையல் விட்டும் போன இடங்களில் மழை நீர் இறங்கி, தரைக் கம்பளத்தின் அடியிலுள்ள சணல் மெத்தையில் ஊறி நிற்கும். மெத்தை காய மாதக்கணக்காகும். அதற்குள் தரைத் தகடு அப்பளமாகிவிடும்.

வண்டியின் ஸ்திதியை அறிய வைத்தியருக்கு மூன்று கருவிகள் போதும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும், உளுத்தது மொத்தென்னும். திருப்புளியால் குத்தினால் நல்லது தாங்கும், கெட்டது வழிவிடும். மூன்றாவது காந்தம். முன்பு விற்றவர் ஓட்டையில் பட்டியை அப்பி, மேலே பளபளவென்று வர்ணம் பூசியிருந்தால் கண் ஏமாறும், காந்தம் ஏமாறாது. தகட்டைத் தேடி ஒட்டப் போன காந்தம் பொத்தென்று கீழே விழுவதைப் பார்க்கிறபோது, பணம் கொடுத்தவர் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவு வராது.

இனித்தான் முக்கியமான விஷயம். மூடியோடு இருக்கும் அட்டைப் பெட்டி ஒன்றை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், எளிதில் அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், துவண்டுபோகும். கூரையுள்ள காருக்குக் கூரையே பாதி பலம். கூரை இல்லாத காருக்குத் தரையும், கதவுகளுக்கு அடியில் வாசற்படி போல நெடுக ஓடும் தகட்டுப் பெட்டிகளும், அவற்றின் கீழே உள்ள இரும்புச் சட்டமும்தான் பலம். அதனாலேயே கம்பெனியார் சாதாரண ஜி.டி.ஓ.வுக்கு ஒரு பக்கம் திறந்த சட்டத்தைப் போட்டு, கன்வர்ட்டிபிளுக்கு மட்டும் நான்கு பக்கமும் மூடிய சட்டத்தைப் போட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மூடிய சட்டத்துக்குள் புகுந்த நீரும் சேறும் வெளியே வர வழி குறைவு. பலத்துக்காகச் செய்த ஏற்பாடே துருவுக்கு ஒளிந்துகொள்ள வீடாயிற்று!

ஆகவே உளுத்த தரையைக் கண்டதும் ஆத்திரப்பட்டு வெட்டி எறிவதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. வெட்டிய மாத்திரத்தில் வண்டி நடுவில் மெல்லத் தொய்யும். கண்ணுக்குத் தெரியாது. புதுத் தரையைப் பற்ற வைத்து முடித்த பிறகு கதவை மூடிப் பார்த்தால், மேலே இடிக்கும். கீழே விரல் நுழையும். பற்ற வைத்ததையெல்லாம் பிரித்தாலன்றி அதற்குப் பரிகாரம் கிடையாது. பல மாத உழைப்புக்குப் பின் இதைக் கண்டு மனமுடைந்து, வண்டியைத் துண்டு துண்டாக விற்றுவிட்டவர்கள் உண்டு.

விவரமறிந்தவர் வேலையைத் தொடங்குவதே வேறு விதம். உடல் சட்டத்தின்மேல் இருக்கும்போதே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தித் தாங்கிகளின்மேல் ஏற்றுகிறார். கதவின் நான்கு ஓரங்களிலும் இடைவெளி ஒழுங்காகச் சுமார் 5 மில்லிமீட்டர் வரும்படி சரிக்கட்டுகிறார். குறுக்கும் மூலைக்கு மூலையுமாக அளந்து எழுதி வைக்கிறார். பிறகு கதவைக் கழற்றி, கீல் உள்ள தூணுக்கும் தாழ்ப்பாள் உள்ள தூணுக்கும் இடையில் கனத்த இரும்புக் குழாய்களைப் பற்ற வைக்கிறார். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் குறுக்கே இன்னும் இரண்டு. எலும்பு முறிந்தவனுக்கு மூங்கில் பத்தை கட்டுகிற மாதிரிதான். அப்புறமே வெட்டுகிறார், அதுவும் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறு பக்கம்.

பற்ற வைப்பதிலும் பொறுமை வேண்டும். மெல்லிய தகட்டில் ஒரேயடியாகக் கோடு இழுத்தால், சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கி நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, எதிர்க் கோடியில் ஒரு பொட்டு, ஆறும்வரை ஒரு வாய்க் காப்பி. பெட்ரோல் டாங்கியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் நெருப்பைத் தொட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? காலி டாங்கியின் ஆவி நிறைந்த டாங்கியைவிடப் பொல்லாதது.

சிறிய சாமான்களின் துருவைப் போக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த சாமானை பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், உதவாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து முழுக்கிவிட்டால், துரு தானே உதிரும். தகடு எவர்ஸில்வராக இருக்கக் கூடாது, தண்ணீர் விஷமாகும். அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியதாகையால் இந்த வேலை திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும்.

தரை புதிது, வாசற்படி புதிது, பின்புறத் தகடுகள் புதிது என்றால் பழைய வண்டியில் மிஞ்சுவது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கதவுத் தூணில் ஒரு சிறு எண் தகடு இருக்கிறது. 1967-ம் வருஷத்து வண்டியில் 242 என்று தொடங்கினால் ஜி.டி.ஓ.; அடுத்து 67 வந்தால் கன்வர்ட்டிபிள். 1965-ம் வருஷத்து வண்டிகளிலோ 237 என்றுதான் இருக்கும். அது எல்லா லெமான்ஸுக்கும் பொது எண். ஆகவே சாதாரண லெமான்ஸைப் பயில்வானாக வேஷம் கட்டி விற்பவர்களுக்கு அந்த வருஷம் சௌகரியம்! எண் தகட்டை மட்டும் பெயர்த்து வேறு வண்டியில் ஒட்டுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். மாற்றிய தகடுகளைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. மாற்றியதைச் சொல்லாமல் விற்கிறவரைத்தான் நமக்குப் பிடிக்கவில்லை. நல்ல மனிதர்கள் ஒவ்வொரு படியையும் போட்டோப் பிடித்து, வண்டியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

கடைசி வேலை சட்டத்துக்குள்ளே. நீர் வடியும் துவாரங்களைக் குத்தித் திறந்து, நீண்ட குழாயை உள்ளே விட்டு, இளகிய மெழுகை நெடுகத் தெளிக்கிறார்கள். பிறகு குறுக்குக் குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுக்கிறார்கள். கொட்டகையில் பேச்சு நின்றுவிடுகிறது. கதவை மறுபடியும் கீலில் மாட்டி, வண்டிக்காரர் விரலால் லேசாகத் தள்ளுகிறார். இடைவெளி நாலு புறமும் முன்போலவே இருந்தால், கதவு 'டக்'கென்று மூடிக்கொள்ளும்.

கோடை முழுவதும் கூரையை மடக்கிவிட்டு ஊரைச் சுற்றலாம். முதல் பனி விழுந்து உப்பு லாரி தெருவில் தலை காட்டும் அன்று, பயில்வான் கொட்டகைக்குள் போய்விடுவார். குடும்பத்தின் நல்ல கார் மறுபடியும் வாசலுக்கு வந்துவிடும்.